மேடவாக்கம் – சோழிங்கநல்லூர்: சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் ஏன் போகிறீர்கள்?

மேடவாக்கத்தான்:

வணக்கம். எனக்கு 34 வயது. சென்னை மேடவாக்கம் கூட்ரோடு பக்கம் வீடு. சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. போக ஏறக்குறைய 7 கிலோமீட்டர். இத்தனை நாளும் ஸ்கூட்டர்தான். மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்ததிலிருந்து வீட்டைவிட்டுக் கிளம்பினால் எத்தனை மணிக்குப் போய்ச் சேருவேன் என்று சொல்ல முடியவில்லை. ஒரு நாள் 25 நிமிடம், மறுநாள் 50.

போன மாதம் முழுக்க ஒருவரைக் கவனித்தேன். ஐம்பது வயது இருக்கும். ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பை, கறுப்பு சைக்கிள். பெரும்பாக்கம் தாண்டியதும் நான் அவரை முந்துவேன். தடுப்புக்குள் நுழைந்ததும் அவர் ஓரமாக என்னைத் தாண்டிப் போவார். சிக்னலுக்குப் பிறகு நான் மறுபடி முந்துவேன். கடைசியில் பார்த்தால் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் ஓஎம்ஆரை (பழைய மகாபலிபுரம் சாலை) தொடுகிறோம்.

வீட்டில் மைத்துனன் விட்டுப்போன சைக்கிள் ஒன்று சும்மா நிற்கிறது. கேட்க வந்தது இதுதான்: தினமும் வேலைக்கு சைக்கிளில் போகிறவர்கள் உண்மையில் எதற்காகப் போகிறீர்கள்? பெட்ரோல் செலவா, உடம்பா, வேறு ஏதாவதா? ஆரம்பித்துப் பாதியில் விட்டவர்களும் சொல்லுங்கள்.

ஏரிக்கரை:

தம்பி, நீங்கள் பார்த்தது நான் இல்லை. நான் 7:45க்கே கிளம்பிவிடுவேன். ஆனால் அதே ரோடுதான், பதினோரு வருடமாக. ஓஎம்ஆரில் ஒரு பெரிய கட்டடத்துக்கு எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். வயது 52. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பித்தது சர்க்கரைக்காக. வெறும் வயிற்றில் 168 வந்தது. மாத்திரையோடு தினமும் அரை மணி நேரமாவது உடம்பை அசைக்கச் சொன்னார் டாக்டர். வாக்கிங் போக எனக்கு நேரம் கிடையாது. வேலைக்குப் போகிற நேரத்தையே அதற்கு வைத்துக்கொள்ளலாம் என்று சைக்கிளை எடுத்தேன். மூன்று மாதத்தில் சர்க்கரை அடங்கியது. ஆனால் அதற்குப் பிறகும் பத்து வருடத்துக்கு மேல் ஓட்டுகிறேன் என்றால் அதற்குக் காரணம் சர்க்கரை இல்லை.

எங்கள் இடத்தில் ராத்திரி ஷிஃப்டில் ஒருவர் இருந்தார். திருப்போரூருக்கு அந்தப் பக்கம் ஊர். காலை 8:30க்கு நான் போய் லாக் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டால்தான் அவர் இறங்க முடியும். ஜெனரேட்டரையும் பேனலையும் ஆள் இல்லாமல் விட்டுப் போக முடியாது. நான் பைக்கில் வந்த காலத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் தாமதம். அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு நாள் 9:10க்குப் போய் நின்றேன். மூட்டை கட்டி, செருப்பை மாட்டிக்கொண்டு, பேனல் ரூம் வாசலில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். இரவெல்லாம் கண் விழித்த மனுஷன். அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மனசு கனக்கும்.

சைக்கிளுக்கு மாறிய பிறகு எனக்கு 28 நிமிடம். மழை பெய்தால் 33. பஞ்சர் ஆனால் 45. அவ்வளவுதான். ரோட்டில் வண்டிகள் நிற்கின்றனவா ஓடுகின்றனவா என்பது என் கணக்கில் வராது. ஓரத்தில் ஒன்றரை அடி இருந்தால் நான் போய்விடுவேன், அதுவும் இல்லையென்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன். ட்ராஃபிக்கைக் காரணம் சொல்லி அவரைக் காக்கவைத்ததாக அதன் பிறகு ஒரு நாளும் இல்லை. ஏன் போகிறீர்கள் என்று கேட்டீர்களே, என் பதில் அதுதான். எத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டு அந்த மணிக்கு வர முடிகிறது.

பெட்ரோல் விஷயத்தில் ஏமாறாதீர்கள். போக வர 14 கிலோமீட்டர், மாதம் 25 நாள், 350 கிலோமீட்டர். ஸ்கூட்டர் 45 கொடுத்தால் 8 லிட்டர் கூட ஆகாது. லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் 800 ரூபாய்தான் மிச்சம். சர்வீஸ், ஆயில் சேர்த்தால் ஆயிரம். என் சம்பளத்துக்கு அது பெரிய பணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஆயிரத்துக்காக மட்டும் ஆரம்பித்தால் சித்திரை வெயிலில் ஒரு வாரம் தாங்க மாட்டீர்கள்.

அப்புறம் அந்த ரோடு. ஸ்கூட்டரில் போகிறவருக்கு அது தடுப்பும் தூசியும்தான். ஒரு பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருக்கிறது தம்பி. 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களின் பட்டியலில், சேர்ந்த இடம். மார்கழி, தையில் காலை எட்டு மணிக்குப் பாருங்கள். நீலத் தாழைக்கோழி கோரைக்குள்ளிருந்து சிவப்புக் காலை எடுத்து எடுத்து வைத்து வெளியே வரும். கூழைக்கடா தண்ணீரில் தோணி மாதிரி மிதக்கும். அரிவாள் மூக்கன் கூட்டம் சேற்றைக் குத்திக்கொண்டு நிற்கும். எனக்கு இந்தப் பெயர் எதுவும் தெரியாது. பைனாகுலரோடு நின்ற ஒரு கல்லூரிப் பையன் சொல்லிக்கொடுத்தான். நான் சைக்கிளில் வந்ததால்தான் அவன் பக்கத்தில் நிற்க முடிந்தது. பைக்கில் நின்றிருந்தால் பின்னால் ஹாரன் அடித்தே கொன்றிருப்பார்கள்.

காற்றையும் வெயிலையும் பற்றி யாரும் சொல்லமாட்டார்கள், நான் சொல்கிறேன். காலையில் நீங்கள் கிழக்கே போகிறீர்கள், வெயில் நேராக முகத்தில் அடிக்கும். முன்னால் மறைப்பு நீட்டிய தொப்பியோ ஹெல்மெட்டோ இல்லாமல் போகாதீர்கள். சாயங்காலம் மேற்கே திரும்பும்போது கடல்காற்று முதுகில் தள்ளும். வெயில் காலத்தில் ஐந்து மணி வாக்கில் அந்தக் காற்று கிடைத்தால் பாதி தூரம் மிதிக்கவே வேண்டாம். அலுத்துப்போய் வேலையிலிருந்து இறங்குகிற மனுஷனுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று ஓட்டினால்தான் தெரியும்.

பஞ்சர் கற்றுக்கொள்ளுங்கள். இந்த ரோட்டில் ஆணியைவிட மோசம் டயர் கம்பி. லாரி டயர் வெடித்தால் உள்ளே இருக்கிற இரும்பு நார் ரோடெல்லாம் சிதறும், தலைமுடி மாதிரி இருக்கும். குத்தினால் உடனே காற்று இறங்காது. வீட்டுக்கு வந்துவிடுவீர்கள், காலையில் பார்த்தால் டயர் தட்டை. ட்யூபைக் கழற்றித் தண்ணீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம் தெரியும். துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொலுஷன் தடவி, அது காய்ந்து பளபளப்பு போகிற வரைக்கும் பொறுத்திருந்து பேட்ச்சை வைத்து அழுத்துங்கள். எல்லோரும் இத்தோடு டயரை மாட்டிவிடுவார்கள். மறுநாள் அதே இடத்தில் பஞ்சர். ஏனென்றால் கம்பி டயருக்குள்ளேயே இருக்கிறது. ஒரு பழைய பனியன் துணியை டயரின் உள்பக்கம் சுற்றி ஓட்டுங்கள். எங்கே நூல் சிக்கி இழுக்கிறதோ அங்கே கம்பி இருக்கிறது. விரலால் தேடாதீர்கள், கிழித்துவிடும். மூக்குக் குறடால் பிடித்து இழுங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் எங்கள் பக்கம் எப்படி மூழ்கியது என்று உங்களுக்கே தெரியும். எங்கள் தெருவில் நின்ற பைக்குகள் எஞ்சினில் தண்ணீர் புகுந்து வாரக்கணக்கில் மெக்கானிக் கடையில் கிடந்தன. என் சைக்கிள் ஒன்றரை நாள் தண்ணீருக்குள் நின்றது. ஹப்பைப் பிரித்துக் கழுவி, குண்டு மாற்றி, கிரீஸ் வைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டேன். அன்று சாயங்காலமே ஓட்டினேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீங்களும் நானும் “தேர்ந்தெடுத்து” சைக்கிளில் போகிறோம். காலையில் அந்த ரோட்டில் சைக்கிளில் போகிற பெரும்பாலானவர்கள் அப்படி இல்லை. கட்டட வேலைக்குப் போகிற ஒடிசா, பீகார் பையன்கள், ஷிஃப்ட் முடிந்து வருகிற செக்யூரிட்டிகள், வீட்டு வேலைக்குப் போகிற அம்மாக்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எதில் வேலைக்குப் போகிறீர்கள் என்றும் கேட்டார்கள். நாடு முழுக்க, விவசாயம், வீட்டுத் தொழில் தவிர மற்ற வேலைக்குப் போகிறவர்களில் சுமார் 13 சதவீதம் பேர் சைக்கிள். அவர்களுக்கு ஹெல்மெட்டும் இல்லை, பின் விளக்கும் இல்லை. ரோடு போடுகிறவர்கள் இவர்களை மனதில் வைத்துப் போட்டால் நமக்கும் சேர்த்துப் பாதை கிடைக்கும். சென்னை மாநகராட்சி 2014இலேயே நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்று ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. நம் பக்கம் வந்து பார்த்தால் தடுப்புக்கும் பள்ளத்துக்கும் நடுவில்தான் இவர்கள் வழி தேடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு.

கோவைவாசி:

விட்டவர்களையும் சொல்லச் சொன்னீர்கள், அதனால் எழுதுகிறேன். கணபதியிலிருந்து பீளமேட்டுக்கு இரண்டு வருடம் போனேன். எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, காலையில் மனசு லேசாக இருக்கும். ஒரு நாள் நின்றிருந்த காரின் கதவை ஒருவர் பின்னால் பார்க்காமல் திறந்தார். மணிக்கட்டு முறிந்தது, ஆறு வாரம் மாவுக்கட்டு. கை சரியான பிறகு மறுபடி போகத்தான் நினைத்தேன். அதற்குள் வேலை பார்த்த இடத்தில், டூவீலர் ஸ்டாண்டில் சைக்கிளுக்கு இடம் கிடையாது, வெளியே கம்பத்தில் கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கட்டிய மூன்றாம் நாள் சீட்டும் பின் சக்கரமும் காணோம்.

தோழர், பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. கிளம்புவதற்கு முன் ஆபீசில் எங்கே நிறுத்துவது, எங்கே முகம் கழுவி சட்டை மாற்றுவது என்ற இரண்டையும் கேட்டு முடித்துக்கொள்ளுங்கள். நின்றிருக்கும் கார்களை விட்டு ஒரு கதவு அகலம் தள்ளியே ஓட்டுங்கள், பின்னால் யார் ஹாரன் அடித்தாலும் சரி. வேறு ஊருக்கு மாற்றல் கிடைத்தால் நான் மறுபடி எடுப்பேன்.

புதுகைப் பெண்:

நான் கீரனூர் பக்கத்துக் கிராமம். டவுனில் ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். கிராமத்திலிருந்து கீரனூர் வரை 5 கிலோமீட்டர் சைக்கிள், அங்கே ஸ்டாண்டில் போட்டுவிட்டு அப்புறம் பஸ்.

2021இலிருந்து டவுன் பஸ்ஸில் பொம்பளைகளுக்கு டிக்கெட் காசு கிடையாது. அது பெரிய உபகாரம், நான் இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் ஊருக்குள் பஸ் வருவது காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. கடை அடைக்க ராத்திரி 8:30 ஆகும். சைக்கிள் இல்லையென்றால் கூட்டிப்போக ஒரு ஆம்பிளை வர வேண்டும். யாருக்கும் போன் போட்டு, “வந்து கூட்டிப் போ” என்று சொல்லாமல் வீடு வந்து சேர வேண்டும். எனக்கு அதுதான் காரணம்.

எங்கம்மா கல் குவாரியில் வேலை பார்த்தவர். ஷீலா ராணி சுங்கத் அம்மா புதுக்கோட்டை கலெக்டராக இருந்தபோது அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். 1992, எனக்கு ஏழு வயது. ராத்திரி பள்ளிக்கூட மைதானத்தில் பொம்பளைகள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு விழுந்து விழுந்து பழகியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் அம்மா ஆம்பிளை சைக்கிளைத்தான் வாங்கினார். எங்களுக்கு அதுவே நல்லதாகப் போனது. முன்னால் பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்காரவைப்பார், பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம். “எந்தப் பக்கமும் சாயாதே, நான் ஓட்டறேன்” என்பார். நான் இன்றைக்கு ஓட்டுகிற சைக்கிளிலும் பார் இருக்கிறது. மகளுக்கு வயது பத்து, அவள் பின்னால்தான் உட்காருவேன் என்கிறாள்.

வடமராட்சியான்:

யாழ்ப்பாணத்து நெல்லியடியிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்குச் சைக்கிள் ஒரு காலத்தில் தெரிவாக இருக்கவில்லை. தொண்ணூறுகளில் வடக்குக்குப் பெற்றோல் தடை. மோட்டார்சைக்கிள் வைத்திருந்தவர்கள் ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடினார்கள், பின்னாலே வெள்ளைப் புகை போகும். மற்ற எல்லோரும் சைக்கிள்தான். வாத்தியாரும் டொக்டரும் மாப்பிள்ளை பொம்பிளையும் அதிலேதான். என்னுடைய அப்பா ஆசிரியர். இரவிலே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி நான் பெடலைச் சுற்றுவேன், டைனமோவிலிருந்து வயர் எடுத்து றேடியோவிலே அவர் செய்தி கேட்பார். கை உளைந்து நான் வேகத்தைக் குறைத்தால் செய்தி வாசிக்கிறவரின் குரல் தேய்ந்துபோகும். “சுத்தடா, சுத்தடா” என்பார்.

2022இல் நாடு முழுக்க எரிபொருள் இல்லாமல் போனபோது பழையபடி சைக்கிளைத் துடைத்தெடுத்தேன். கந்தோருக்கு (அலுவலகத்துக்கு) 9 கிலோமீட்டர். பிறகு பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தது, வரிசை குறைந்தது, பெற்றோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியது. நான் மோட்டார்சைக்கிளுக்குத் திரும்பவில்லை. காரணம், கூட வருகிற ஆள். என்னோடு வேலை செய்கிற ஒருவர் வல்வெட்டித்துறைப் பக்கத்தில் இருந்து வந்து சந்தியிலே சேர்ந்துகொள்ளுவார். இரண்டு பேரும் பக்கம் பக்கமாக மிதித்தபடி அரை மணித்தியாலம் கதைத்துக்கொண்டு போவோம். அவருடைய மகன் கடலுக்குப் போய்த் திரும்பாத கதையை அப்படிப் போகும்போதுதான் முதன்முதலாகச் சொன்னார். கந்தோரிலே ஏழு வருடம் எதிர் எதிர் மேசை, ஒருநாளும் சொன்னதில்லை. முகம் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு கதைத்தபடியால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

மேடவாக்கத்தான்:

எல்லோருக்கும் நன்றி. வடமராட்சி அண்ணா எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சும்மா ஒரு முறை போய்ப் பார்த்தேன். கடையில் காற்று அடித்து, பின் பிரேக் கட்டை மாற்றினேன். போக 34 நிமிடம். பாதி வழியில் தொடை பிடித்துக்கொண்டது, இறங்கி நின்றேன். ஏரிக்கரை அண்ணன் சொன்ன நீலக்கோழி இரண்டு நின்றன. இத்தனை வருடமாக அந்த இடத்தைத் தினமும் இரண்டு முறை கடந்திருக்கிறேன். நேற்று ஆபீசில் கேட்டேன், பேஸ்மென்ட்டில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை முதல் போகிறேன், முதலில் வாரத்துக்கு மூன்று நாள்.

அண்ணே, ஒரு சந்தேகம். லேப்டாப்பை முதுகில் மாட்டிக்கொண்டு போனால் சட்டை நனைந்துவிடுகிறது. என்ன செய்கிறீர்கள்?

ஏரிக்கரை:

முதுகில் எதையும் மாட்டாதீர்கள் தம்பி. கேரியரில் வைத்து, பழைய சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் வெட்டி இரண்டு சுற்று இழுத்துக் கட்டுங்கள், கயிறைவிட நன்றாகப் பிடிக்கும். லேப்டாப்புக்கு அடியில் ஒரு துண்டை நாலாக மடித்துப் போடுங்கள், பள்ளத்தில் இறங்கும்போது அதிராது. பழைய ட்யூப் இல்லையென்றால் என்னிடம் நாலைந்து கிடக்கிறது. புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் பெரும்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் இருப்பேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.